ரோம், அசிசி, லூர்து: பங்கு மக்களோடு போங்கள், ரசீது மட்டும் உங்கள் பெயரில் வாங்குங்கள்

கேள்வி: தூத்துக்குடி பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயது 63. எங்கள் பங்கிலிருந்து 2026 அக்டோபர் முதல் வாரத்தில் 12 நாள் ஐரோப்பியத் திருயாத்திரை ஏற்பாடாகிறது. ரோம், அசிசி, பதுவா, லூர்து, பாத்திமா. தலைக்கு 2,85,000 ரூபாய், வரி தனி. இந்த மாதக் கடைசிக்குள் ஆளுக்கு 1 லட்சம் முன்பணத்தைப் பங்குப் பேரவை நண்பர் ஒருவர் கணக்கில் போடச் சொல்கிறார்கள். எல்லார் பணத்தையும் சேர்த்து அவர் டிராவல்ஸில் கட்டிவிடுவாராம். எனக்கு ஓய்வூதியம் மாதம் 38,000. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போட்டு 14 மாதம் ஆகிறது. வங்கியில் 3 லட்சம் வீதம் மூன்று எஃப்.டி. கடன் இல்லை. மனைவிக்கு வருமானம் கிடையாது. சேமிப்புத் திட்டத்தை முடித்துவிட்டுப் போகலாமா, டிராவல்ஸ்காரர் சொல்லும் இ.எம்.ஐ.யில் போகலாமா? அரசு மானியம் கிடைக்குமா?

பதில்: போய்விட்டு வாருங்கள். உங்கள் நிலைமையில் இது கைக்கு எட்டுகிற செலவுதான். ஆனால் முன்பணத்தை நண்பர் கணக்கில் போடாதீர்கள். எனக்குக் கவலை தருவது நீங்கள் கேட்ட மூன்றும் அல்ல, போகிற போக்கில் சொன்ன இந்த ஒன்றுதான்.

நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜுக்குப் பணம் கட்டும்போது டிசிஎஸ் என்று ஒரு வரியை டிராவல்ஸ் பிடித்து, யார் பெயரில் பில் போடுகிறார்களோ அவருடைய பான் எண்ணில் செலுத்துவார்கள். 2025-26 நிதியாண்டில் ஒருவர் கட்டும் தொகை 10 லட்சம் வரை 5%, அதற்கு மேல் போனால் 20% என்று இருந்தது. 2026 ஏப்ரல் முதல் தொகை எவ்வளவானாலும் 2%. உங்கள் குழுவில் முப்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். அத்தனை பேர் பணமும் ஒரே பான் எண்ணில் போனால் என்ன ஆகும்? பழைய விகிதத்தில் என்றால் 10 லட்சத்தைத் தாண்டிய தொகை முழுவதற்கும் 20% பிடித்திருப்பார்கள். எந்த விகிதமானாலும் பிடித்த பணம் அவர் கணக்கில்தான் நிற்கும், உங்கள் கணக்கில் ஒரு ரூபாய் வராது.

பில் உங்கள் பெயரில் இருந்தால் கதை வேறு. ஓய்வூதியம், வட்டி எல்லாம் சேர்த்தாலும் உங்கள் ஆண்டு வருமானம் ஏழு லட்சத்துக்குள்தான் வரும். புதிய வரி முறையில் உங்களுக்கு வரியே இல்லை. அப்படியானால் பிடித்த டிசிஎஸ் முழுவதும் திரும்பக் கிடைக்கும், வருமான வரிக் கணக்கு மட்டும் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் மனைவியின் கட்டணத்தையும் உங்கள் பான் எண்ணிலேயே போடச் சொல்லுங்கள், ஒரே தாக்கலோடு வேலை முடிந்துவிடும். இந்த விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிற ஒன்று. ஒவ்வொரு தவணை கட்டும்போதும் அன்றைய விகிதம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூடுதலாகவே இருக்கட்டும் என்று என் கணக்கைப் பழைய 5% வைத்தே போடுகிறேன்.

இருவருக்கும் 5,70,000. ஜிஎஸ்டி 5% சேர்த்தால் 5,98,500. அதன் மேல் டிசிஎஸ் 29,925. ஆக 6,28,425. விளம்பரத்தில் வராத செலவு இனிமேல்தான். இப்படிப்பட்ட யாத்திரைகளில் மதியச் சாப்பாடு பெரும்பாலும் நம் பொறுப்பு. ஆளுக்கு 15 யூரோ என்றால் இருவருக்கும் 12 நாளுக்கு 360 யூரோ. இத்தாலிய ஊர்களில் ஓட்டலில் தங்குவதற்கு நகர வரி உண்டு. ரோமில் மூன்று நட்சத்திர ஓட்டலுக்கு ஓர் இரவுக்கு ஆளுக்கு 6 யூரோ, அதை அங்கேயே கேட்டு வாங்குவார்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, பேக்கேஜில் சேர்ந்ததா என்று பாருங்கள். யூரோவை 110 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 7 லட்சத்தை ஒட்டி வந்து நிற்கும்.

சேமிப்புத் திட்டத்தைத் தொடவே தொடாதீர்கள். அதில் ஒரு பகுதியை மட்டும் எடுக்க வழியில்லை, கணக்கையே முடிக்க வேண்டும். ஓராண்டு தாண்டி இரண்டாண்டு ஆகாத கணக்குக்கு 1.5% பிடிப்பார்கள், உங்களுக்கு அது 22,500 ரூபாய். அதைவிடப் பெரிய இழப்பு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற 30,750 ரூபாய் வட்டி நின்றுபோவது. 8.2% வட்டி தருகிற பாதுகாப்பான இடத்தை விட்டு எழுந்து வரக் கூடாது.

இரண்டு எஃப்.டி.யை யாத்திரைக்கு ஒதுக்குங்கள். மீதி 1 லட்சத்துக்கு ஏப்ரல், ஜூலை வட்டியும் ஓய்வூதியத்தில் மாதம் ஐந்தாறாயிரமும் போதும். எஃப்.டி. முதிர்வுக்கு இரண்டு மூன்று மாதம்தான் பாக்கி என்றால் உடைக்காமல் அதன் மேலேயே கடன் வாங்கலாம், வட்டி எஃப்.டி. வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடும். மூன்றாவது எஃப்.டி. ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று அப்படியே கிடக்கட்டும். கையில் இவ்வளவு இருக்கும்போது இ.எம்.ஐ. எதற்கு?

அடுத்தது முன்பணம். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், அதாவது ஏப்ரலிலேயே. விசா மறுக்கப்பட்டால் அந்தக் கட்டணம் திரும்ப வராது, அது சின்னத் தொகை. ஆளுக்கு 1 லட்சம் கட்டிய பிறகு மறுத்தால்தான் வலி. குழு டிக்கெட்டைப் பிடித்துவைக்க டிராவல்ஸுக்கும் விமான நிறுவனத்தில் முன்பணம் கட்ட வேண்டியிருக்கும், அது நியாயம்தான். ஆகவே இப்போது ஆளுக்கு 25,000 அல்லது 30,000, விசா வந்த பிறகு மீதி என்று குழுவாகப் பேசிப் பாருங்கள். முப்பது பேர் சேர்ந்து கேட்டால் இறங்கி வருவார்கள். விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை வாட்ஸ்அப்பில் அல்ல, நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். இன்னொன்று, விசாவுக்கு வங்கி ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். அதற்கு முன்பே எஃப்.டி.யை உடைத்துச் செலவழித்துவிட வேண்டாம், உறவினரிடம் வாங்கித் திடீரென்று கணக்கில் பெரிய தொகை போடவும் வேண்டாம்.

தேதியையும் பாருங்கள். அசிசி பிரான்சிஸ் இறந்தது 1226 அக்டோபர் 3. உங்கள் பயண வாரத்தில்தான் 800 ஆண்டு நிறைகிறது, மறுநாள் அவர் திருநாள். அந்த நாளில் அங்கே இருப்பது பெரும் பேறு என்று நினைப்பவர்களோடு எனக்கு வாக்குவாதம் இல்லை. ஆனால் கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். பத்து நாள் தள்ளிப் போனால் என்ன விலை என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பயணத் திட்டத்தை வரிவரியாகப் படியுங்கள். ‘வத்திக்கான் பார்வை’ என்று மட்டும் போட்டிருந்தால் அது பேதுரு சதுக்கத்தோடு முடிந்துவிடலாம். சிஸ்டைன் சிற்றாலயம் இருப்பது வத்திக்கான் அருங்காட்சியகத்துக்குள், அதற்கு டிக்கெட் உண்டு. பேதுரு பேராலயத்துக்குள் போகவும், புதன்கிழமை திருத்தந்தையின் பொதுச் சந்திப்புக்கும் கட்டணமே கிடையாது. அதற்கு யாராவது தனியாகப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். லூர்தில் தங்கும் இடம் மாதா கெபியிலிருந்து (குகை) நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். இரவு 9 மணி மெழுகுவர்த்திப் பவனிக்காகத்தான் அங்கே போவதே. ஊருக்கு வெளியே மலிவான ஓட்டல் போட்டால், சாப்பாடு முடிந்து யார் திரும்பப் பேருந்து ஏறுவது?

பணம் சம்பந்தமில்லாத ஒன்றும் சொல்லிவிடுகிறேன். ரோமில் ஜேசு ஆலயம் என்று இயேசு சபையாரின் தாய்க் கோவில் இருக்கிறது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து உங்கள் கடற்கரை மக்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்த சவேரியாரின் வலது கை அங்கே பீடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. உடல் கோவாவில், ஞானஸ்நானம் கொடுத்த கை ரோமில். எல்லாரும் பார்க்கப் போகும் பாந்தியன் என்ற பழங்காலக் கோவிலிலிருந்து நடந்தே போகலாம், கட்டணமும் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் ஐந்து ஊர் வரிசையில் ரோம் என்று மட்டும்தான் இருக்கிறது. இந்தக் கோவிலைப் பெயர் சொல்லிச் சேர்க்கும்படி இப்போதே கேளுங்கள். தூத்துக்குடிக்காரர்கள் ரோம் வரை போய் இதைப் பார்க்காமல் திரும்பினால் எனக்கே மனசு ஆறாது.

மானியம் பற்றிக் கேட்டீர்கள். தமிழக அரசு கிறிஸ்தவர்களுக்குத் தரும் புனிதப் பயண உதவி ஜெருசலேம் பயணத்துக்குத்தான், ரோம், லூர்துக்குக் கிடையாது. யாராவது வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம், பேக்கேஜிலேயே வந்துவிடும். ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அந்தப் பாலிசி எந்த அளவுக்குப் பணம் தரும் என்று தனியாகக் கேளுங்கள். தேவைப்பட்டால் கூடுதல் பிரீமியம் கட்டி அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவ விவரத்தை மறைக்காமல் எழுதுங்கள். 12 நாளுக்கும் மேலே நான்கைந்து நாளுக்குமான மாத்திரையையும் மருத்துவர் சீட்டையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் போடாதீர்கள்.