மாந்தோலில் புழு வளர்க்கலாமா?

கேள்வி: மாங்கூழ் ஆலையில் தோலும் நாரும் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் புழு வளர்த்து நாட்டுக்கோழிக்குக் கொடுக்கலாமா? வீட்டில் ஈ மொய்க்குமே என்று மனைவி தயங்குகிறார்.
– வாசகர், பர்கூர்

பதில்: தாராளமாக வளர்க்கலாம். நீங்கள் வளர்க்க வேண்டியது கருப்பு சிப்பாய் ஈயின் புழுவை. இந்த ஈ பார்க்கக் குளவி மாதிரி இருக்கும், கொட்டாது. வளர்ந்த ஈ சோற்றைத் தேடி அலையாது. முட்டையிட்டுச் சில நாட்களில் மடிந்துவிடும். உங்கள் மனைவியிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

மாந்தோலில் நீர் அதிகம், புரதம் குறைவு. அப்படியே கொட்டினால் புளித்து நாறும். புழு மூச்சுத் திணறித் தொட்டியின் விளிம்பில் ஏறும். நீரை வடியவிட்டு, தவிடும் கொஞ்சம் கடலைப் புண்ணாக்கும் கலந்து பிசையுங்கள். பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டுதான் கசிய வேண்டும். இதுதான் பதம், இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பினால் போதும். கொட்டைகளைப் பொறுக்கிவிடுங்கள்.

ஏறக்குறைய இரண்டு வாரத்தில் புழு தேறிவிடும். கருக்கத் தொடங்கியதும் உலர்ந்த இடம் தேடித் தானே வெளியேறும். சரிவாக ஒரு பலகை வைத்தால் வாளியில் வந்து விழும். கொழுப்பு மிகுதி என்பதால் வழக்கமான தீவனத்தோடு கொஞ்சமாகவே சேருங்கள். மாம்பருவம் முடிந்ததும் சந்தையில் கழிக்கும் தக்காளி, முட்டைக்கோஸ் இலைக்கு மாறிக்கொள்ளலாம்.