டெல்லி விமானப்படை அருங்காட்சியகத்தில் மிக்-25: பறக்காத விமானத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

டெல்லி டூரில் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்கலாமா, ஓய்வு பெற்ற பழைய விமானங்களில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இந்தக் கேள்வியைச் சும்மா கடந்து போக என்னால் முடியவில்லை. அங்கே திறந்தவெளியில் நிற்கும் மிக்-25 வேவு விமானம் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் இருந்த 102-வது ஸ்குவாட்ரனுக்கு (விமானப்படையின் ஒரு பிரிவு) உரிய ரகம். என் சர்வீஸில் ஒரு பகுதி பரேலியில், போட்டோ பிரிவில் கழிந்தது. பணி ரகசியம் எதையும் எழுதப் போவதில்லை. இங்கே இருப்பதெல்லாம் ஏற்கெனவே பத்திரிகைகளில் வந்தவைதான், அதனால் யாரும் பதற வேண்டாம்.

ஒருமுறை அக்கா குடும்பத்தை அங்கே அழைத்துப் போனேன். எல்லோரும் விமானத்தின் பின்பக்கம் போய், ஆள் நுழையும் அளவுக்கு இருக்கும் இரண்டு எஞ்சின் வாய்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அக்கா பேரன் மட்டும் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "தாத்தா, இதுல துப்பாக்கி எங்க?" என்றான். கிடையாது என்றேன். "அப்ப எதிரி சுட்டா?" "இன்னும் மேலே, இன்னும் வேகமா போயிடும்பா."

நிஜமாகவே அதுதான் அதன் தற்காப்பு. 20 கிலோமீட்டருக்கும் மேலான உயரம், ஒலியைப் போல இரண்டே முக்கால் மடங்குக்கும் மேற்பட்ட வேகம். அந்த வேகத்தில் ஏறும் சூட்டுக்கு அலுமினியம் தாங்காது. அதனால் சோவியத்காரர்கள் உடலின் பெரும்பகுதியை நிக்கல் கலந்த எஃகில் வெல்டிங் செய்து கட்டினார்கள்.

பிறகு அவனை மூக்குப் பக்கம் கூட்டிப் போய், அடியிலும் பக்கவாட்டிலும் இருக்கும் சின்னக் கண்ணாடி ஜன்னல்களைக் காட்டினேன். கேமராக்கள் அதற்குள்தான் இருந்தன. நீங்களும் தயவுசெய்து அங்கே நில்லுங்கள். எஞ்சின், இறக்கை, எஃகு எல்லாமே அந்த ஜன்னல்களை எதிரியின் தலைக்கு மேல் கொண்டுபோய், பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரத்தான்.

விமானம் இறங்கியதும் எங்கள் வேலை தொடங்கும். ஃபிலிமைக் கழற்றி, இருட்டறையில் கழுவி, விளக்கு மேஜையில் விரிக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு படங்களில் பாதிக்கு மேல் ஒரே நிலம்தான் இருக்கும். அவற்றை ஸ்டீரியோ கண்ணாடி வழியே சேர்த்துப் பார்த்தால் தட்டையான படத்திலிருந்து மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும். நிழலின் நீளத்தை வைத்து ஒரு கட்டடத்தின் உயரத்தைச் சொல்லிவிடலாம். இரவெல்லாம் அந்த மேஜை முன்னால் குனிந்து நின்றவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் வராது.

இதைச் சொல்லும்போது ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் "ஏர்ஃபோர்ஸா! பைலட்டா?" என்பார்கள். இல்லை என்றதும் முகம் மாறிவிடும். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலேயே இந்தக் கதை நடந்தது. ஒரு விமானம் கிளம்பத் தரையில் எத்தனை பேர் வேண்டும் என்பதை நம் பள்ளிகளாவது பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம்.

பைலட்களைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1999 மே 21 அன்று கார்கில் பகுதியில் படம் எடுத்துக்கொண்டிருந்த கான்பெரா விமானத்தின் ஒரு எஞ்சினை ஏவுகணை தாக்கியது. ஸ்குவாட்ரன் லீடர் பெருமாள் மிச்சமிருந்த ஒற்றை எஞ்சினோடு அதை ஸ்ரீநகரில் இறக்கினார். அதுவும் வேவு விமானம்தான். அந்த மாதிரி மனிதர்களுக்கு முன்னால் நான் கைகட்டித்தான் நிற்பேன்.

1981-ல் வந்த மிக்-25 2006 மே 1-ல் விடைபெற்றது. செயற்கைக்கோள்கள் வந்துவிட்டன, உதிரி பாகங்களும் கஷ்டம். நியாயமான முடிவுதான். ஆனால் "பழைய இரும்பை ஏன் நிறுத்தி வைக்கணும், ஏலம் விடலாமே" என்று சிலர் எழுதுவதைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது. பேரன் அன்று கடைசியாக, "இது எடுத்த போட்டோ எல்லாம் எங்க தாத்தா?" என்று கேட்டான். பொதுவில் காட்ட மாட்டார்கள் என்றேன். 25 வருட வேலையில் மக்கள் கண்ணால் பார்க்கக் கிடைப்பது இந்த எஃகு உடல் ஒன்றுதான். அதையும் உருக்கிவிட்டால் என்னத்தைக் காட்டுவது?

அருங்காட்சியகம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஊர் திரும்பும் நாளில் வைத்துக்கொள்ளலாம். வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை, விசாரித்துக்கொண்டு போங்கள். டூர்காரரிடம் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். எங்களோடு வந்தவர் "அங்க ஒண்ணும் இல்ல சார்" என்று சால்வைக் கடைக்கு வண்டியைத் திருப்பப் பார்த்தார். கோடையென்றால் காலையிலேயே போய்விடுங்கள்.