ஞாயிற்றுக்கிழமைக் கூலி

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் காவேரிப்பட்டணம். பெங்களூரில் வேலை. நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ராக் பேண்ட் நடத்துகிறோம். ஊர்ப் பம்பைக்காரர் ஒருவரை ஸ்டுடியோவுக்கு அழைத்து வாசிக்கவைத்த பாட்டு யூடியூபில் திடீரென்று ஓடிவிட்டது. அன்றிலிருந்து எங்களுக்குள் சண்டை. இங்கிலாந்தின் ராக் பேண்ட் பிங்க் ஃபிளாய்டும் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இசைத்தட்டின் வெற்றிக்குப் பிறகுதானே உடைந்தது? வெற்றி கலைக்கு விஷமா?

தம்பி,

அந்த இசைத்தட்டைப் போன வாரம்தான் எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். வெற்றி விஷமா என்பதை டீக்கடையில் பேசிக்கொள்ளலாம். அந்த பேண்டின் வாட்டர்ஸ், கில்மோர் இருவருக்கும் தகராறு, 1985-ல் வாட்டர்ஸ் விலகியது, பேண்டின் பெயருக்காகக் கோர்ட்டுக்குப் போனது எல்லாம் உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும். விடுங்கள்.

அந்த இசைத்தட்டின் முதல் பக்கத்தில் கடைசிப் பாட்டு 'தி கிரேட் கிக் இன் த ஸ்கை'. பாட்டு வரியே கிடையாது. ஒரு பெண் குரல் ஏறி, கதறி, அடங்கும். விஷயம் சாவு. ஒப்பாரி என்று சொல்லாமல் அதை வேறென்ன சொல்வது? பாடியவர் கிளேர் டோரி. அப்போது 25 வயது. 1973 ஜனவரி, லண்டன் அபே ரோடு ஸ்டுடியோ. முதலில் 'பேபி, பேபி' என்று ஆரம்பித்தாராம். சொல் வேண்டாம் என்றார்கள். சரி, நாமும் ஒரு வாத்தியம் என்று நினைத்துக்கொள்வோம் என்று பாடினார். கூலி 30 பவுண்டு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அதுவே இரட்டிப்பு.

உறையில் பாடியவர் என்று பெயர் போட்டார்கள். இயற்றியவர் என்று பேண்டின் கீபோர்டுக்காரர் ரிக் ரைட் பெயர் மட்டும். அந்த மெட்டு யார் தொண்டையில் பிறந்தது? 2004-ல் வழக்குப் போட்டார், 2005-ல் சமரசம். அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில் ரைட், டோரி என்று இரண்டு பெயரும் இருக்கும். 32 வருஷம் ஆயிற்று. அந்த ரைட்டையே பின்னால் 'தி வால்' இசைத்தட்டுப் பதிவின்போது குழுவிலிருந்து தள்ளிவிட்டார்கள். பிறகு அதே பேண்டின் கச்சேரிகளில் சம்பளத்துக்கு வாசித்தார். கச்சேரிகள் நஷ்டம். மற்ற மூவரும் நஷ்டத்தைச் சுமக்க, சம்பளக்காரர்தான் காசோடு வீடு போனார்!

பாப்பாரப்பட்டிப் பக்கம் எனக்கு ஒரு பெரியம்மா. ஒப்பாரிக்குப் பேர்போனவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தர்மபுரியில் கேசட் பதிகிற ஒருவர் கூப்பிட்டார். துணைக்கு நான் போனேன். ஜன்னலில் கோணியும் கம்பளியும் தொங்கவிட்ட அறை. மைக் முன்னால் உட்கார்ந்தவள் வாயே திறக்கவில்லை.

"பொணம் எங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். "ஆருன்னு தெரியாம எப்பிடி அழுவறது?" என்றாள்.

கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த தன் அப்பா படத்தைக் காய்ந்த மாலையோடு கழற்றிவந்து எதிரே சாத்திவைத்தார். பேர் கேட்டாள். எத்தனை பிள்ளை, நிலம் எந்தப் பக்கம் என்று கேட்டாள். அப்புறம் அரைமணி நேரம் நிறுத்தவில்லை. 100 ரூபாயும் ஒரு நூல் புடவையும் கொடுத்தார்கள். கேசட் உறையில் தலைவிரித்த ஒரு பெண்ணின் படம். அது பெரியம்மா இல்லை. அவள் பேரும் இல்லை. கேசட் பென்னாகரம், பாலக்கோடு வரை ஓடியது. அத்தனை சாவு வீட்டிலும் அந்தக் கடைக்காரரின் அப்பாவுக்குத்தான் அழுதார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அவள் தெருவிலேயே ஒரு சாவு. வழக்கம்போலத் தலைமாட்டில் உட்கார்ந்து குரலெடுத்தாள். மைக் செட் பையன் வந்து, "செத்த சும்மா இரு ஆயா, கேசட்டு ஓடுது" என்றான். அவளுடைய கேசட். வாயை மூடிக்கொண்டு அதற்கு மாரடித்தாள்.

உங்கள் கடிதத்தில் கிதார் யார், டிரம்ஸ் யார் என்று நாலு பேர் பெயரும் இருந்தது, நான்தான் வெட்டினேன். பம்பை மட்டும் 'ஒருவர்'. நாலு பேர் பங்குக்கு அடித்துக்கொள்கிறீர்கள், ஐந்தாவது ஆள் ஞாபகத்துக்கே வரவில்லை. வெட்கமாக இல்லையா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். பாட்டைக் கேட்டேன், இரண்டாவது நிமிஷத்தில் பம்பை எழும்பும்போது எனக்குச் சிலிர்த்தது. அதுவரை உங்கள் கிதார் ஓசூர் டிராஃபிக் மாதிரி நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவர் பேர் என்ன, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் சண்டையை அப்புறம் பார்க்கலாம்.