வீட்டுக் கோழி முட்டையைக் கழுவி வைப்பதா, அப்படியே வைப்பதா? ஐஸ் பெட்டி (ஃப்ரிட்ஜ்) அவசியமா?

கழுவாதீங்க. சமைக்க எடுக்கும்போது கழுவினால் போதும். கோழி இட்ட முட்டையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கும், ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளை அடைத்து வைப்பது அதுதான். தேய்த்துக் கழுவினால் அது போய்விடும், அதிலும் பச்சைத்தண்ணீர் பட்டால் உள்ளே இருப்பது சுருங்கி, ஓட்டில் ஒட்டிய அழுக்கை ஈரத்தோடு துளை வழியே இழுத்துக்கொள்ளும். லேசான எச்சத்தைக் காய்ந்த துணியால் துடைத்து எடுங்கள். அப்பிக் கிடந்தால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கழுவித் துடைத்து, அன்றைக்கே சமைத்துவிடுங்கள். விரிசல் விட்டதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் தூக்கிப் போடுங்கள்.

பாதி வேலை கூட்டில்தான் இருக்கிறது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பக்கம் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் பழைய கூடையில் மரத்தூளைக் கொட்டி முட்டையிட விடுவார்கள், மாலை மழையில் அது சொதசொதவென்று ஆகிவிடும், மேலே கோழி சேற்றுக்காலோடு ஏறும், அப்புறம் முட்டை எப்படிச் சுத்தமாக இருக்கும்? நனைந்தால் உடனே மாற்றுங்கள். கோழி பெரும்பாலும் காலையில்தான் முட்டையிடும், மத்தியானத்துக்குள் எடுத்துவிடுங்கள். சேவலும் இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம், நம் வெக்கைக்கு அடைகாக்காமலே கரு வளர ஆரம்பிக்கலாம்.

ஐரோப்பாவில் கழுவாத முட்டையை வெளியேதான் வைக்கிறார்கள் என்று வீடியோ பார்த்துவிட்டுச் சொல்வார்கள். சரி, அந்த ஊர் வெயிலும் நம்ம ஊர் வெயிலும் ஒன்றா? இங்கே மத்தியானத்தில் 33 டிகிரி. ஐஸ் பெட்டியில் வையுங்கள், கதவில் இல்லை, உள்தட்டில், கூர்முனை கீழே பார்க்க, ஓட்டில் பென்சிலால் தேதி எழுதி. 5 டிகிரிக்குக் கீழே சால்மொனெல்லா (வயிற்றைக் கெடுக்கும் கிருமி) பெருகாது, மூன்று வாரம் தாராளமாக இருக்கும். உள்ளே போனதை வெளியே எடுத்தால் வியர்க்கும், 2 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள்.

மூழ்குகிறதா மிதக்கிறதா என்று தண்ணீரில் போட்டுப் பார்ப்பது முட்டை பழசா புதுசா என்று காட்டும், அவ்வளவுதான். கிருமி இருக்கிறதா என்று காட்டாது. சால்மொனெல்லா சில சமயம் கோழியின் வயிற்றிலேயே, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடும், கோழி பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நாட்டுக்கோழி முட்டைக்கு ஒன்றும் வராது என்பது வெறும் பேச்சு. கிச்சாப்பும் (சோயா சாஸ்) மிளகுத்தூளும் போட்டுக் குடிக்கும் அரைவேக்காட்டு முட்டை எனக்கும் பிடிக்கும், ஆனால் சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்கு வேண்டாம். பெரிய மனுஷியான பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கிற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது, பாட்டியோடு சண்டை போட முடியாது. அதே நல்லெண்ணெயில் முட்டையை ஊற்றி, மஞ்சள் கரு கெட்டியாகும்வரை பொரித்துக் கொடுங்கள், பாட்டியும் ஒன்றும் சொல்ல மாட்டார்.