எலும்புப் படத்தில் ஜாஸ்: வாசகர் கேள்விகள்

சோவியத் ஒன்றியத்தில் ஆஸ்பத்திரி எக்ஸ்-ரே பிலிமில் பாட்டு பதிந்து விற்றார்களாமே, நிஜமா? எப்படிச் செய்தார்கள்? (தஞ்சாவூர் வாசகர்)

நிஜம்தான். 1946-ல் லெனின்கிராட், நெவ்ஸ்கி சாலையில் ஒலிப்பதிவுக் கடை ஒன்று திறந்தது. குரலைப் பதிந்து வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பது வெளியே சொன்ன தொழில். கடை மூடியபின் டெலிஃபுங்கன் என்ற ஜெர்மன் ஒலிப்பதிவு இயந்திரத்தில் தடைசெய்யப்பட்ட பாட்டுகள் பிரதியாகும். அதைக் கூர்ந்து பார்த்த ருஸ்லான் பகஸ்லோவ்ஸ்கி, அதேபோல் ஓர் இயந்திரத்தைத் தானே கட்டினார். போரிஸ் தைகினோடு சேர்ந்து, 'தங்க நாய்' என்று பெயர் வைத்துத் தொழிலில் இறங்கினார்.

இசைத்தட்டுக்கான மூலப்பொருள் தனியாருக்குக் கிடைக்காது. பழைய எக்ஸ்-ரே பிலிமோ தீப்பிடிக்கும் சரக்கு. ஆஸ்பத்திரிகள் அதைக் கழித்துக்கட்டவே பார்த்தன. விலா எலும்பும் மண்டையோடும் கலைநயத்துக்காக என்று இன்று சிலர் உருகுகிறார்கள். கிடைத்தது அதுதான், வேறொன்றுமில்லை.

பிலிமை 23 முதல் 25 செ.மீ. விட்டத்தில் கத்தரிப்பார்கள். நடுத்துளை போடச் சிகரெட் நெருப்பே போதும் என்பார்கள். ஒரு பக்கம் அசல் தட்டு ஓட, மறுபக்கம் வெட்டூசி பிலிமில் கோடு போடும். வேகம் நிமிடத்துக்கு 78 சுற்று. 3 நிமிடப் பாட்டுக்கு 234 சுற்று. மில்லிமீட்டருக்கு 4 கோடு என்றால் சுமார் 58 மி.மீ. அகலம் போய்விடும். அதனால் தட்டுக்கு ஒரே பாட்டு. பிலிம் மெல்லிசு என்பதால் ஒரு பக்கம்தான். 20 பிரதி வேண்டுமென்றால் பாட்டு 20 முறை முழுசாக ஓடியாக வேண்டும்.

கெடுவது மூன்று இடத்தில். பிலிம் சுருண்டால் கோட்டின் ஆழம் மாறி, ஆழம் குறைந்த இடத்தில் ஊசி தாவும். துளை மையம் தவறினால் ஒவ்வொரு சுற்றிலும் சுருதி ஏறி இறங்கும். மூன்றாவது, கேட்பவரின் கிராமபோன்: கனத்த தலையும் இரும்பு ஊசியும் கோட்டைச் சுரண்ட, மேல்ஸ்தாயி முதலில் போய், சில தடவையிலேயே இரைச்சல் மட்டும் மிஞ்சும்.

என்ன பாட்டுகள்? பிடிபட்டால் என்ன ஆகும்? (திருநெல்வேலி வாசகர்)

புலம்பெயர்ந்த பாடகர் பியோத்தர் லெஷெங்கோ, அமெரிக்க ஜாஸ், பிற்பாடு ராக் அண்ட் ரோல். 1950-ல் கூண்டோடு பிடித்தார்கள். பகஸ்லோவ்ஸ்கிக்கு 3 ஆண்டு, தைகினுக்கு 5 ஆண்டு. ஏமாற்றும் நடந்தது: முதலில் கொஞ்சம் பாட்டு, பிறகு ரஷ்ய மொழியில் ஒரு குரல் வாங்கியவரைக் கிண்டல் செய்யும். புகார் கொடுக்கத்தான் முடியுமா?

மாஸ்கோவில் படித்த மாமாவின் பெட்டியில் அப்படி ஒரு தட்டு இருக்கிறது. ஓட்டிப் பார்க்கலாமா? (கோவை வாசகர்)

ஒரே ஒருமுறை, அதுவும் கணினியில் பதிவு செய்துகொண்டே. பழைய கிராமபோனில் வைக்கவே கூடாது. 78 வேகத் தட்டுக்கான 75 மைக்ரான் ஊசி வேண்டும், எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் பிற்காலத் தட்டு) ஊசி கோட்டின் அடியில் கிடந்து இரைச்சலைத்தான் எடுக்கும். ஊசி தட்டில் அழுத்தும் பாரம் 5 கிராமைத் தாண்ட வேண்டாம். பிலிமுக்குக் கீழே வேண்டாத எல்.பி. ஒன்றை வைத்து, விளிம்பை ஒட்டும் நாடாவால் பிடியுங்கள். ஊசி தாவினால் 45 வேகத்தில் ஓட்டி, பிறகு மென்பொருளில் சரிசெய்யலாம். தண்ணீர் படக்கூடாது, ஜெலட்டின் பூச்சு ஊதிவிடும். உலர்ந்த மென்தூரிகை போதும். வினிகர் வாடை வந்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது, தாமதிக்காதீர்கள்.

இந்த வழக்கம் ஏன் நின்றது? (சேலம் வாசகர்)

டேப் ரெக்கார்டர் வீட்டுக்கு வந்தது. 350 மீட்டர் ரீல், நொடிக்கு 9.53 செ.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடும். பிலிமில் ஒரு பாட்டு, ரீலில் ஒரு கச்சேரியே! கிட்டாரோடு தாமே எழுதிப் பாடிய விசோத்ஸ்கி, கலிச், அக்குஜாவா மூவரின் பாட்டும் இப்படித்தான் நாடெங்கும் போனது. பிரதியின் பிரதி எடுக்க எடுக்க இரைச்சல் ஏறும், மோட்டார் வேகம் பிசகினால் பாடகர் சுருதி மாறிப் பாடுவார். ஆனாலும் வார்த்தை புரிந்தது, கிட்டார் பாட்டுக்கு அதுவே போதுமானது.