டியூஷன் சென்டருக்காக ஹைவ் வாங்கலாமா?

கேள்வி: வியாசர்பாடியில் 40 பிள்ளைகளுக்கு மாலையில் இலவச டியூஷன் நடத்துகிறோம். வாடகை, கரண்ட், நோட்டு என்று மாதம் 9,000 ரூபாய் ஆகிறது. ஹைவ் என்று ஒரு தளம், பிளாக்செயினில் (பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் பொதுக் கணக்கேட்டில்) இயங்குவது; பதிவுக்கு விழும் ஓட்டைப் பொறுத்து கிரிப்டோ நாணயம் தரும். அதில் எங்கள் வேலையைப் பற்றி எழுதுவதில் மாதம் 2,000 ரூபாய் அளவுக்கு வருகிறது. ஹைவ் நாணயம் வாங்கி பவர் அப் செய்தால், அதாவது கணக்கிலேயே பூட்டி வைத்தால், நாங்கள் போடும் ஓட்டின் மதிப்பு கூடும், வருமானமும் கூடும் என்கிறார்கள் அங்குள்ள நண்பர்கள். அம்மா சீட்டு எடுத்த 2 லட்சம் இருக்கிறது. போடலாமா?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: வேண்டாம்மா. எழுதி வருகிற பணம் வேறு, அம்மா சீட்டு கட்டிச் சேர்த்த பணம் வேறு. முதலாவது உங்கள் உழைப்புக்குக் கிடைத்த கூலி. விலை இறங்கினால் ஒரு மாதக் கூலி குறையும், அவ்வளவுதான். இரண்டாவது போனால் திரும்ப வராது.

2021 நவம்பரில் 3 டாலரைத் தாண்டிய ஹைவ், 2025 முடிவில் 25 சென்டுக்கும் கீழே கிடந்தது. அந்த உச்சத்தில் 2 லட்சம் போட்டிருந்தால் 2025 முடிவில் 20,000 ரூபாய் கூடத் தேறியிருக்காது. விலை சரிகிறதே என்று பதறி எடுக்கவும் முடியாது. பவர் அப் செய்ததை வெளியே எடுக்க 13 வாரம் ஆகும், வாரம் ஒரு பங்காகத்தான் வரும். வீட்டு உரிமையாளர் 13 வாரம் காத்திருப்பாரா?

எழுதுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். பதிவுக்கான பணம் 7 நாள் கழித்து வரும். அதில் உடனே எடுக்கக்கூடிய பகுதியை அந்த மாதமே ரூபாயாக்கி விடுங்கள். சென்டருக்கென்று தனிக் கணக்கு தொடங்கி, பதிவின் வருமானம் நேராக அங்கே போகும்படி பெனிஃபிஷியரி வசதியில் போட்டு வைக்கலாம். ஹைவில் ஒவ்வொரு வேலைக்கும் சாவி என்று தனித்தனி கடவுச்சொல் உண்டு. தன்னார்வலர்களுக்குப் பதிவிடும் சாவியை மட்டும் கொடுங்கள். பணத்தை நகர்த்தும் சாவியை மூன்று பேரிடம் பிரித்து, இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் நகரும் என்று அமைக்க ஹைவில் வழி உண்டு. கோயில் கமிட்டி வங்கிக் கணக்கில் தலைவரும் பொருளாளரும் சேர்ந்து செக்கில் கையெழுத்துப் போடுவது போலத்தான். ஊர்ப் பணம் ஒரே ஆளின் போனில் இருக்கக் கூடாது என்பதில் நான் மிகவும் பிடிவாதமானவன்.

அப்புறம் வரி. கிடைக்கிற நாணயம், கிடைத்த அன்றைய ரூபாய் மதிப்பில் உங்கள் வருமானமாகக் கணக்காகும். பிறகு லாபத்துக்கு விற்றால் அந்த லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். நஷ்டமானால் வேறு எந்த வருமானத்திலும் கழிக்க முடியாது. பிள்ளைகளுக்குத்தான் செலவழித்தேன் என்று சொன்னாலும் கழிவு கிடைக்காது. அதனால் தேதி, எண்ணிக்கை, அன்றைய விலை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

வெளிநாட்டு நண்பர்கள் நேரடியாக நன்கொடை அனுப்புகிறோம் என்றால் இப்போதைக்கு நன்றி சொல்லி நிறுத்தி வையுங்கள். சமூகப் பணிக்கு வெளிநாட்டுப் பணம் வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அதுவும் முதலில் டெல்லி ஸ்டேட் பேங்க் பிரதானக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். நாணயமாக வந்தால் இதெல்லாம் பொருந்தாது என்று யாராவது சொன்னால், ஆடிட்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

சரி, மீதி 7,000 ரூபாய்க்கு என்ன வழி? 35 பேர் மாதம் 200 ரூபாய் கொடுத்தால் போதும். உங்களிடம் படித்து இன்று வேலைக்குப் போகிற பிள்ளைகள், தெருவில் கடை வைத்திருப்பவர்கள், பெற்றோரில் முடிந்தவர்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். மாதக் கணக்கைச் சென்டர் சுவரில் ஒட்டுங்கள், அதையே ஹைவிலும் பதிவிடுங்கள். 2 லட்சத்தை அம்மா பெயரில் வங்கி டெபாசிட்டில் போட்டுவிட்டு, ரசீதை அவர் கையிலேயே கொடுங்கள்.