பொலிகாளையைத் தேர்ந்தெடுக்கப் பால் அளவு மட்டும் போதுமா?

அதிகம் கறக்கும் பசுவின் கன்றைப் பொலிகாளையாக வளர்த்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. பால் அளவும் சினை பிடிக்கும் திறனும் மரபில் எதிரெதிராக இழுப்பவை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஹோல்ஸ்டீன் பசுக்களைப் பெரும்பாலும் பாலுக்காகவே தேர்ந்தெடுத்தார்கள். கறவை ஏறியது, சினை பிடிப்பது குறைந்தது.

நார்வே வேறு வழியில் போனது. அங்கே 1975 முதல் பசுவுக்கு உடல்நல அட்டை உண்டு. கால்நடை மருத்துவர் செய்யும் சிகிச்சை அதில் பதிவாகும். 1978-இல் மடிநோய் எதிர்ப்பையும் இனப்பெருக்க இலக்கில் சேர்த்தார்கள். இது எளிய வேலை இல்லை. பால் அளவு வேறுபாட்டில் மரபின் பங்கு ஏறக்குறைய 30 சதவீதம். மடிநோயிலோ சில சதவீதம்தான். மீதியெல்லாம் தொழுவச் சுத்தம், கறக்கும் முறை, தீவனம். பத்துப் பதினைந்து மகள்களை வைத்து ஒரு காளையை எடைபோடவே முடியாது. அதனால்தான் அங்கே ஒரு காளைக்கு 200-க்கும் மேற்பட்ட மகள்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். மகள்கள் வளர்ந்து கறவைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது; மரபணுச் சோதனை இந்தக் காத்திருப்பை இப்போது குறைத்திருக்கிறது. ஆனால் பதிவுகள் இல்லாமல் அதுவும் பயன்படாது.

சினை ஊசி போடும்போது காளையின் தாய் எத்தனை லிட்டர் கறந்தது என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தக் காளையின் மகள்களின் மடிநலத்தையும் சினை பிடிப்பையும் அவசியம் கேளுங்கள்.